கொடைவள்ளல் சேட் பிரேம்சந்த் ராய்சந்த்: வாழ்வும் அறநிதியும்

மும்பை மாநகரின் ஓவல் மைதானத்தை ஒட்டி, உயர்நீதிமன்றத்திற்கு அண்மையில் 280 அடி உயரத்தில் எழுந்து நிற்கிறது இராஜாபாய் மணிக்கூண்டு. பல்கலைக்கழக நூலகத்தின் முகப்பாக அமைந்த அக்கோபுரம் மன்னர் எவரின் பெயரையும் தாங்கவில்லை. ஆளுநர் எவரின் பெயரையும் தாங்கவில்லை. சூரத்து நகரத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஓசவால் சமணக் குடும்பத்தின் இல்லத்தரசி ஒருவரின் பெயரையே தாங்கி நிற்கிறது. முதுமையில் கண்ணொளி இழந்திருந்த அவ்வம்மையார், கதிரவன் மறையுமுன் உணவை முடித்துக்கொள்ளும் நோன்பைப் பிறர் துணையின்றிக் காத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே மகன் அம்மணிக்கூண்டை எழுப்பினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பைகுல்லாவிலிருந்த அவர்தம் மாளிகை வரை மணியோசை எட்டியிருக்குமா என்று ஆராய்வோர் ஆராயட்டும். தாயின் பெயரை நிலைநிறுத்த மகன் 2 லட்சம் ரூபாய் அளித்தார் என்பதில் ஐயமில்லை. அம்மகனே சேட் பிரேம்சந்த் ராய்சந்த்.

அவர் 1831ஆம் ஆண்டு சூரத்தில் பிறந்தார். தந்தையார் ராய்சந்த் தீப்சந்த் சிறு வணிகர், தாயார் இராஜாபாய். மேற்குக் கடற்கரையின் வணிகம் சூரத்தை விட்டுப் பம்பாய்க்கு நகர்ந்துகொண்டிருந்த காலம் அது. அக்குடும்பமும் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. சிறுவர் பிரேம்சந்த் அங்கே ஆங்கிலக் கல்வி பெற்றார். அக்காலத்துக் குஜராத்தி வணிகர் பிள்ளைகளுள் ஆங்கிலம் கற்றவர் மிகச் சிலரே. ஆங்கிலம் அறியாத பங்குத் தரகர் ஒருவருக்கு உதவியாளராகத் தொழிலில் நுழைந்த அவர், ஐரோப்பிய வங்கி அதிகாரிகளோடு நேருக்கு நேர் பேசும் ஆற்றலால் விரைவில் தனித் தரகராக உயர்ந்தார். அந்நாளில் பம்பாய்ப் பங்குத் தரகர்க்கு மண்டபம் கிடையாது; நகரமன்றத்தை அடுத்த ஆலமரங்களின் நிழலே அவர்களுடைய சந்தை. கொடுக்கல் வாங்கல் அனைத்தும் வாய்ச்சொல்லில் நடந்தன. சொன்ன சொல் பிறழாதவர் என்பதே அங்கு ஒருவரின் மூலதனம். அம்மூலதனம் பிரேம்சந்திடம் நிறைய இருந்தது.

1861இல் அமெரிக்க நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. தென் மாநிலங்களின் துறைமுகங்களை வடவர் கப்பற்படை முற்றுகையிட, இங்கிலாந்தின் இலங்காசயர் ஆலைகளுக்குப் பஞ்சு வரவு நின்றது. ஆலை முதலாளிகளின் பார்வை இந்தியப் பஞ்சின் பக்கம் திரும்பியது. பம்பாயில் பஞ்சு விலை பன்மடங்கு ஏறியது. மெத்தை தலையணைகளைப் பிரித்துப் பழம் பஞ்சையும் கப்பலேற்றினர் என்று அக்காலக் கதைகள் கூறும். பஞ்சு விளையும் ஊர்களிலெல்லாம் பிரேம்சந்துக்கு முகவர்கள் இருந்தனர். இங்கிலாந்திலிருந்து வரும் கப்பல் கரை சேருமுன்பே படகு அனுப்பிச் செய்தி அறிந்துவிடுவார் என்றும் சொல்வர். முப்பது வயதை ஒட்டிய பருவத்தில் பம்பாயின் பஞ்சு வணிகம், வங்கித் தொழில், பங்குச் சந்தை மூன்றிலும் அவர் சொல்லே நடந்தது. ஏசியாட்டிக் பேங்கிங் கார்ப்பரேஷனும், கடலைத் தூர்த்து நிலமாக்கப் புறப்பட்ட பேக்பே ரெக்ளமேஷன் கம்பெனியும் அவர் முன்னின்று வளர்த்தவை.

வெள்ளமாகப் பாய்ந்த பஞ்சுப் பணத்திற்குப் போக்கிடம் வேண்டியிருந்தது. நாள்தோறும் புதிய வங்கிகளும், நிதிக் கம்பெனிகளும், நிலக் கம்பெனிகளும் முளைத்தன. பல கம்பெனிகளுக்குத் தொழிலென ஒன்றுமில்லை. பங்கு விலை ஏறும் என்ற நம்பிக்கை மட்டுமே இருந்தது. பிரேம்சந்த் சேட்டின் பெயர் சேர்ந்த பங்கு வெளியீடு அன்றே விலை உயரும். காலையில் அவர் மாளிகை வாயிலில் பங்கு ஒதுக்கீடு வேண்டி நிற்போரில் ஐரோப்பியரும் இந்தியரும் கலந்திருந்தனர்.

செல்வம் உச்சத்தில் நின்ற அந்த 1864ஆம் ஆண்டிலேயே அவருடைய பெருங்கொடைகளும் தொடங்கின. ஆகஸ்ட்டில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற்கு நூலகக் கட்டடத்திற்கென 2 லட்சம் ரூபாய். அக்டோபரில் மணிக்கூண்டிற்கென மேலும் 2 லட்சம். பல்கலைக்கழகம் தோன்றி ஏழாண்டுகளே ஆகியிருந்தன; அதற்குச் சொந்தக் கட்டடம் கூட இல்லை. கல்லூரியில் பட்டம் பெறாத ஒரு தரகர், எதிர்காலத்துப் பட்டதாரிகளுக்காக நூலகம் அமைக்க முன்வந்தார்.

இங்கே ஒரு வினா எழுதல் இயல்பு. சிராவக அறத்தின் அணுவிரதங்களுள் ஐந்தாவது, உடைமைக்கு எல்லை வகுத்துக்கொள்ளுதல். விலை ஏற்ற இறக்கத்தின் மேல் பந்தயம் வைத்துச் சேர்த்த பொருளை அறத்திற்கு ஈந்தால், அப்பொருளின் தோற்றம் தூய்மையாகிவிடுமா? ஆகாது. தானம் என்பது கணக்கேட்டின் ஒரு பக்கத்தில் எழுதி மறுபக்கத்தை அழிக்கும் பற்று வரவு அன்று. பிரேம்சந்தின் வரலாற்றை எழுதுவோர் சிலர் கொடையை மட்டும் எழுதுகின்றனர். சிலர் வீழ்ச்சியை மட்டும் எழுதுகின்றனர். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் அறநிறுவனம் நடத்துவோர்க்கு அவர் வாழ்வு பயன்படுகிறது.

1865 ஏப்ரலில் அமெரிக்கத் தென்னவர் படை சரணடைந்தது. அச்செய்தி பம்பாயை எட்டியதும் பஞ்சு விலை சரிந்தது. பஞ்சைத் தொடர்ந்து பங்குகள் சரிந்தன. அவ்வாண்டு ஜூலை 1ஆம் நாள், முன்பேர ஒப்பந்தங்களையெல்லாம் தீர்க்க வேண்டிய நாளாகக் குறிக்கப்பட்டிருந்தது. அந்நாளில் கொடுக்க வேண்டியவரிடம் பணம் இல்லை. அவருக்குக் கொடுக்க வேண்டியவரிடமும் இல்லை. நேற்று வரை இலட்சாதிபதிகளாயிருந்தோர் திவாலாயினர். கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன. ஏசியாட்டிக் பேங்கிங் கார்ப்பரேஷனும் மறு ஆண்டில் மூழ்கியது. பிரேம்சந்தின் செல்வமும் கரைந்தது.

தனிமனிதரின் செல்வம் கரைந்ததை விடப் பெரிய கேடு பம்பாய் வங்கிக்கு நேர்ந்தது. 1840இல் தோன்றிய அவ்வங்கி, வங்காள வங்கி, சென்னை வங்கி ஆகியவற்றோடு ஒருங்கு எண்ணப்பட்ட மூன்று மாகாண வங்கிகளுள் ஒன்று. அரசாங்கமே அதில் பங்குதாரர். கைம்பெண்டிரும், ஓய்வுபெற்ற அலுவலரும், அறநிலையங்களும் அச்சமின்றிப் பணம் வைக்கும் இடம் என்ற பெயர் மாகாண வங்கிகளுக்கு இருந்தது. 1863இல் இயற்றப்பட்ட புதிய சட்டம், கம்பெனிப் பங்குகளை ஈடாகக் கொண்டு கடன் கொடுப்பதற்கு இருந்த தடையைத் தளர்த்தியது. வங்கியின் செயலர் பிரேம்சந்தின் சொல்லுக்குக் கட்டுப்பட்டார். யாருக்குக் கடன் கொடுக்கலாம், எந்தப் பங்கை எவ்வளவு மதிப்பில் ஈடாக ஏற்கலாம் என்பதற்குச் சேட்டின் பரிந்துரையே போதிய ஆவணமாயிற்று. இயக்குநர்கள் கூடினர், கையெழுத்திட்டனர், உள்ளே பார்க்கவில்லை. பங்குகள் வெறுந்தாளான போது வங்கியின் மூலதனத்தில் பெரும்பகுதி மறைந்துபோயிருந்தது. 1868இல் பழைய வங்கி கலைக்கப்பட்டு, அதே பெயரில் புதிய வங்கி தொடங்கப்பட்டது.

அவ்வீழ்ச்சியை ஆராய அரசு சர் சார்லஸ் ஜாக்சன் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தது. சட்டம் தளர்த்தப்பட்டமை, செயலர்கள் தம் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியமை, இயக்குநர்கள் விழிப்பின்றி இருந்தமை, காலத்தின் அசாதாரணப் போக்கு ஆகியவற்றை ஆணையம் காரணங்களாகக் காட்டியது. பிரேம்சந்துக்கு வங்கியில் இருந்த அளவு கடந்த செல்வாக்கும் வெளிப்பட்டது. அவர் அவ்வங்கியைக் கொள்ளையடிக்க எண்ணினார் என்று கொள்ள இடமில்லை. தாம் பரிந்துரைத்த பங்குகளை அவரே முழுமையாக நம்பியிருந்தார், தம் செல்வத்தையும் அவற்றிலேயே இட்டிருந்தார். ஆயினும் பிறர் பணத்தைக் காக்கும் இடத்தில் ஒருவரின் நம்பிக்கை விதிக்கு மாற்றாக வந்து அமர்ந்தது. நல்லவர் என்று பெயர் பெற்றவரிடம் கேள்வி கேட்க எவருக்கும் நா எழவில்லை. தம் தலைவரின் நேர்மையை நம்பியே தணிக்கையைத் தள்ளிப்போடும் அறக்கட்டளைகள் இன்றும் உண்டு; அவற்றின் நிருவாகிகள் அந்த இயக்குநர்களின் கதையை ஒருமுறை படித்தல் நலம்.

இதே மனிதர் அறத்திற்குக் கொடுத்தபோது நடந்துகொண்ட முறை முற்றிலும் வேறு.

வங்கியில் அவர் சொல்லே விதியாயிருந்தது. கொடையிலோ, கொடுத்த பின் தம் சொல்லுக்கு அவர் இடமே வைத்துக்கொள்ளவில்லை. கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கு அவர் அளித்த 2 லட்சம் ரூபாய் இதற்குத் தக்க சான்று. அவருடைய வணிகத் தளம் பம்பாய், உறவினர் குஜராத்தில், வங்காளத்து மாணாக்கரோடு அவருக்கு யாதொரு தொடர்பும் இல்லை. இன்ன சாதியார்க்கு, இன்ன சமயத்தார்க்கு, இன்ன பாடத்திற்கு என்று நிபந்தனை எதுவும் விதிக்காமல், ஏதேனும் ஒரு பெரும்பணிக்கு ஆகட்டும் என்ற விருப்பத்தை மட்டும் தெரிவித்து, முடிவைப் பல்கலைக்கழக ஆட்சிமன்றத்திற்கே அவர் விட்டுவிட்டார். ஆட்சிமன்றம் கூடி ஆராய்ந்து, பட்டம் பெற்ற பின் உயராய்வில் ஈடுபடும் மாணவர்க்கான உபகாரச் சம்பளம் என அதனை நிறுவியது. பிரேம்சந்த் ராய்சந்த் உபகாரச் சம்பளம் என்ற பெயரில் 1866 முதல் அவ்வறநிதி விளங்கி வருகிறது.

அதன் அமைப்பைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும். அந்நாளில் ஆண்டுக்கு ஒரு மாணவர் கடுமையான தேர்வின் வழியே தெரிந்தெடுக்கப்பட்டார். அவருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் வீதம் ஐந்தாண்டுகள், ஆக மொத்தம் 10,000 ரூபாய் என வகுக்கப்பட்டிருந்தது. ஆண்டுதோறும் ஒருவர் சேர்வதால், ஐந்தாம் ஆண்டு முதல் ஒரே வேளையில் ஐவர் உதவி பெறுமாறு அது அமைந்திருந்தது. அதன்படி பல்கலைக்கழகத்திற்கு ஆன ஆண்டுச் செலவு 10,000 ரூபாய். 2 லட்சம் ரூபாய்க்கு நூற்றுக்கு ஐந்து வீதம் வட்டி எவ்வளவு? அதே 10,000 ரூபாய். மூலநிதியில் ஒரு காசும் குறையாமல், வட்டி முழுவதும் செலவாகி, ஆண்டு தவறாமல் ஒரு மாணவர் உருவாக வேண்டும் என்று கணக்கிட்டே விதி வகுத்திருக்கின்றனர். அக்காலப் பல்கலைக்கழகங்கள் தம் அறநிதிகளை அரசாங்கக் கடன் பத்திரங்களில் இட்டுவைப்பதே வழக்கம். அப்பத்திரம் விலை பன்மடங்கு ஏறும் பங்கன்று. எவரையும் ஒரே இரவில் செல்வராக்குவதன்று. பேக்பே பங்குகள் விண்ணைத் தொட்ட நாளில் அவற்றை வைத்திருந்தோர் அரசாங்கப் பத்திரத்தைப் பார்த்து நகைத்திருப்பர். 1865க்குப் பின் அவர்கள் கையில் எஞ்சியது காகிதம். அப்பெருமழையில் ஈட்டிய பொருளில் தாங்கள் வைத்துக்கொண்டதைக் காக்க முடியாதவர்களின் நடுவே, பிரேம்சந்த் கொடுத்துவிட்ட பகுதி மட்டும் கரையேறி நின்றது.

சமணப் பெருமக்களுக்கு இம்முறை புதியதன்று. திருக்கோயிலுக்கென ஒதுக்கிய தேவத்திரவியத்தை வேறு எப்பணிக்கும் எடுத்தாளலாகாது. உயிர்க் கருணைக்கென வந்த நிதி கால்நடைக் காப்பகத்திற்கே செல்ல வேண்டும். பொதுவென்று வந்ததையே பொதுச் செலவுக்கு எடுக்கலாம். ஒரு கணக்கின் பணத்தை மற்றொரு கணக்கிற்குக் கைமாற்றாகவும் எடுக்க அஞ்சும் முன்னோர் வழக்கம் இது. வாக்களித்த கொடையைக் காலந்தாழ்த்தாமல் செலுத்திவிட வேண்டும், தாழ்த்தின் அதற்கு வட்டியும் தர வேண்டும் என்று கருதுவோர் இன்றும் சங்கங்களில் உளர். கொடுத்த பொருள் கொடுத்தவனுக்கும் உரியதன்று, நிருவாகிக்கும் உரியதன்று என்ற இக்கொள்கையில் வளர்ந்தவர் பிரேம்சந்த். கொடையை விட்டு அவர் விலகி நின்ற பான்மை அம்மரபில் ஊறிய ஒருவருக்கு இயல்பாக வந்ததே. வங்கிக்கும் அதே கண்ணோடு சென்றிருந்தால் என்று எண்ணத் தோன்றுகிறது.

பம்பாய் மணிக்கூண்டின் வரலாறும் இதையொட்டியதே. 1864இல் கொடை அறிவிக்கப்பட்டது. 1865இல் கொடையாளர் வீழ்ந்தார். அடிக்கல் 1869 மார்ச்சு 1ஆம் நாள்தான் நடப்பட்டது. சர் கில்பர்ட் ஸ்காட் என்னும் ஆங்கிலச் சிற்ப வல்லுநர் பம்பாய்க்கு வராமலேயே இலண்டனிலிருந்து வரைந்தனுப்பிய அமைப்பின்படி, கட்டட வேலை 1878 நவம்பரில் நிறைவெய்தியது. கோபுரம் ஒவ்வோர் அடியாக உயர்ந்த அவ்வாண்டுகளில் கொடையாளர் பழைய செல்வராக இல்லை. சரிவில் பொருளிழந்தோர் பலர் அதே தெருக்களில் நடந்து சென்றனர். அவர்கள் அக்கோபுரத்தை என்ன மனத்தோடு நோக்கியிருப்பர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

அவர் வழங்கிய பிற கொடைகளும் பல. சூரத்தில் தந்தையார் பெயரால் பெண்கள் பள்ளி, பரூச்சில் அவர் பெயராலேயே நூலகம், அகமதாபாத்தில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி, பல ஊர்களில் தருமசாலைகள், திருக்கோயில் திருப்பணிகள். வாழ்நாளில் அவர் ஈந்தது 60 லட்சம் ரூபாய் அளவினதென்பர். அன்னதானம் எளிதில் புகழ் தருவது. பெண்கல்விக்கும் ஆசிரியப் பயிற்சிக்கும் அக்காலத்தில் பணம் கொடுத்தவர் சிலரே.

வீழ்ச்சிக்குப் பின் அவர் பம்பாயை விட்டு அகலவில்லை, தொழிலையும் விடவில்லை. முன்போல் நகரத்தை ஆட்டிவைக்கும் ஆற்றல் அவருக்குத் திரும்பவில்லை எனினும், தரகராகவும் பஞ்சு வணிகராகவும் மீண்டும் காலூன்றினார். 1875 ஜூலை 9ஆம் நாள் பம்பாய்த் தரகர்கள் ஒன்றுகூடித் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். பின்னாளில் பம்பாய்ப் பங்குச் சந்தை எனப் புகழ்பெற்ற அமைப்பு அதுவே. அதன் முன்னோடிகளுள் பிரேம்சந்த் முதன்மையாக எண்ணப்படுகிறார். 318 உறுப்பினர்கள், நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய். விதியற்ற சந்தையின் கேட்டைத் தம் தலையிலேயே தாங்கியவர், விதியுள்ள சந்தையொன்று அமைவதற்கு உடனின்றார்.

கல்கத்தா உபகாரச் சம்பளமோ ஆண்டு தவறாமல் தன் பணியைச் செய்து வந்தது. 1870இல் அதனைப் பெற்றவர் ஆனந்தமோகன் போஸ். அப்பொருளின் துணையால் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் ராங்லர் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். 1886இல் பெற்றவர் ஆசுதோஷ் முகர்ஜி. பின்னாளில் கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகி, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமனை அரசாங்கக் கணக்கு அலுவலிலிருந்து பேராசிரியப் பதவிக்கு அழைத்து வந்தவர் அவரே. 1897இல் வரலாற்றறிஞர் யதுநாத் சர்க்கார் பெற்றார். இவர்களுள் எவரும் குஜராத்தியர் அல்லர், சமணரும் அல்லர். கொடையாளரின் வீட்டு வாயிலில் வந்து நின்று விண்ணப்பம் கொடுத்தவரும் எவரும் இல்லை.

1898 திசம்பரில் சென்னை நகரில் இந்திய தேசிய காங்கிரசு கூடியபோது தலைமை வகித்தவர் அதே ஆனந்தமோகன் போஸ். அப்போது பிரேம்சந்துக்கு 67 வயது. எட்டாண்டுகளுக்குப் பின், 1906இல், பம்பாயில் சேட் பிரேம்சந்த் ராய்சந்த் இயற்கை எய்தினார். ஆனந்தமோகன் போஸ் மறைந்ததும் அதே ஆண்டில்தான். அவ்வாண்டும் கல்கத்தாவில் உபகாரச் சம்பளத்தின் வட்டி வந்து சேர்ந்தது.